சக்கரக் காலும் கொழுந்துக் கூடையும்

நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிட்டது. மகள் வீட்டிலிருந்து ஏரிப் பக்கம் காலாற நடந்துபோனேன். அங்கே ஒரு சிறுமி, முழங்காலுக்கெல்லாம் மெத்தை கட்டிக்கொண்டு, காலில் சக்கரச் சப்பாத்தை மாட்டி நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துச் சப்பாத்தில் சக்கரங்கள் ஒற்றை வரிசையில் இருக்கின்றன. நான் பழகியதில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஆமாம், நான்தான். சிரிக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை பொத்தென்று விழுந்ததும் எனக்கு ஏனோ தரை மெழுகு மணத்தது. அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களா விறாந்தையின் சிவப்புத் தரை அப்படித்தான் மணக்கும். கொழுந்தெடுத்துக் கொண்டிருந்த என்னை அங்கே ஆயா வேலைக்கு எடுத்தார்கள்.

“மழையில்ல, அட்டைக்கடியில்ல. ஒனக்கென்னடி, ராணி!” என்றார்கள் என்னோடு லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள்.

அட்டை இல்லைதான். பேச ஆளும் இல்லை. மலையில் வரிசையாக நின்று வாய் ஓயாமல் பேசிப் பழகியவளுக்கு, அந்தப் பெரிய வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் பேச்சுத் துணை. அடுத்தது துரையின் மகள், ஆறு வயதுப் பாப்பா. துரையும் துரைசாணியும் கிளப்புக்குப் போய்விட்டால் அவளுக்கும் நான்தான். எனக்கு முன்பிருந்த ஆயாக்களிடம் பழகிய தமிழை அச்சாகப் பேசுவாள்.

அவளுக்குச் சீமையிலிருந்து வந்ததுதான் அந்தச் சக்கரம். சாவியால் திருகினால் யார் காலுக்கும் நீளும் இரும்புத் தட்டு. சப்பாத்தின் மேல் வைத்துக் கட்ட வேண்டும். எனக்கேது சப்பாத்து? காலில் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டினோம்.

“ஏறு ஆயா, நா புடிச்சுக்கிறேன்.”

ஏறினேன், விழுந்தேன். சரிவில் மட்டுமே உழைத்த கால் என்னுடையது. ஏறும்போது பெருவிரலை ஊன்றும், இறங்கும்போது குதிகாலை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானோ கூடம் நேராக இருப்பதைக் குறை சொன்னேன்.

“மலையில உளுவியா?” என்று கேட்டாள் பாப்பா.

“அங்க முதுகுல கூடை இருக்கும் பாப்பா.”

சாக்குக்குச் சொன்னதுதான். அவளோ ஓடிப்போய், தோட்டக்காரர் சருகு அள்ளும் பழைய கொழுந்துக் கூடையை இழுத்துவந்து, தன் பொம்மைகளை எல்லாம் அதில் கொட்டினாள். கயிற்றைத் தலையில் மாட்டினேன். பாரம் பின்னால் இழுத்தது, கழுத்து தானாக முன்னால் வந்தது, முழங்கால் மடங்கிக்கொண்டது. நின்றுவிட்டேன்! மூட்டை சுமந்த கழுதை சறுக்குவதைப் பார்த்து அவள் உருண்டு உருண்டு சிரித்தாள்.

பிறகுதான் அவளைச் சீமைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்போகும் செய்தி வந்தது. துரைமார் பிள்ளைகளுக்கு அதுதான் வழக்கம். பாப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“கூடை இல்லாம நீ நின்னு காட்டணும். அப்பதான் அழாம போவேன்.”

மத்தியானந்தோறும் பழகினோம். ஒவ்வொரு பொம்மையாகக் கூடையிலிருந்து எடுத்தாள். பாரம் குறையக் குறைய என் தைரியமும் குறைந்தது. கூடையைக் கழற்றினால் உடனே விழுந்தேன்.

போகிற நாள் காலையில் பனி மூடிக்கிடந்தது. பொம்மைகள் பெட்டிக்குள் போய்விட்டன. நான் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு விறாந்தைத் தூணைப் பிடித்து நின்றேன். துரைசாணி ஒருமுறை பார்த்துவிட்டுப் பாப்பாவைக் காருக்குள் ஏற்றினார். கார் கிளம்பியதும் தூணை விட்டேன்.

விழவில்லை. கை இரண்டையும் விரித்துக்கொண்டு விறாந்தையின் மறுகோடி வரைக்கும் ஓடினேன்.

“பாப்பா, இங்க பாரு! நிக்கிறேன் பாரு!”

கார்க் கண்ணாடியெல்லாம் பனி படிந்து வெளுத்திருந்தது. உள்ளே ஒரு கை துடைத்தது போலிருந்தது. அதற்குள் கார் வளைவில் திரும்பிவிட்டது. அவள் பார்த்தாளா, அழாமல் போனாளா, தெரியாது. நான் அழுதேன்.

துரை குடும்பமும் பின்னால் கப்பலேறிவிட்டது. பங்களா இப்போது உல்லாச விடுதி. விறாந்தையில் வழவழவென்று வெள்ளை ஓடு பதித்திருக்கிறார்களாம். பாப்பாவுக்கும் தலை நரைத்திருக்கும். எங்காவது அவளைக் கண்டால், நான் நின்றதைப் பார்த்தியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். எனக்கு இங்கிலீஷ் வராது. அவளுக்குத் தமிழ் எப்போதோ மறந்திருக்கும்.