மகாதேசாதிபதிக்கு ஒரு மனு

அக்காவுக்கு அரசரின் பதக்கம் என்று கடிதம் வந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, "மகாதேசாதிபதியை நேரிலை பாக்கலாமோ?" என்பதுதான். பதக்கம் வட்டமா சதுரமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய மனுரேவாவில், புதிதாக வந்திறங்கும் குடும்பங்களுக்கு விசாப் படிவம், வாடகைப் படிவம், பள்ளிக்கூடப் படிவம் என்று வருடக்கணக்காக நிரப்பிக் கொடுத்தவள் அவள். அதற்குத்தான் பதக்கம். அரசர் லண்டனில் இருக்கிறார். அவருக்குப் பதிலாக இங்கே இருப்பவர் மகாதேசாதிபதி. அந்த அம்மையார் மவுண்ட் ஈடனில் உள்ள மாளிகையில் வைத்துத் தன் கையாலேயே பதக்கத்தைக் குத்திவிடுவார்.

அக்காவின் கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"அக்கா, அவ ஊரிலை இருந்த அரசாங்க அதிபர் மாதிரி இல்லை. மனு வாங்குற ஆளில்லை. கை குடுப்பா, சிரிப்பா, அவ்வளவுதான்."

"ராசாவின்ரை ஆள்தானே? ராசாவுக்குச் சொல்லட்டும்."

ஊரில் சண்டைக் காலத்தில் அத்தானை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் மாவட்டத்துக்கு மாறி மாறி வந்த அரசாங்க அதிபர் ஒவ்வொருவருக்கும் அக்கா மனு கொடுத்தாள். எல்லோரும் ஒற்றைக் கையால் வாங்கி, கோப்பு இலக்கம் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த மனுவில் மட்டும்தான் அத்தானின் பெயர் இருக்கும். அக்கா அதை வாயால் சொல்லவே மாட்டாள். பெண்சாதி புருஷனின் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுள் குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. யாராவது கேட்டால் என்னைப் பார்ப்பாள், நான் சொல்லுவேன். ஊருக்கெல்லாம் இங்கிலிஷில் படிவம் நிரப்புகிற கெட்டிக்காரிக்கு இதென்ன விசர் என்று பகிடி பண்ணியிருக்கிறேன். அத்தான் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்பதை அவள் அந்த ஒரு வாய்மூடலில்தான் பிடித்து வைத்திருந்தாள். அது தெரிந்தும் பகிடி பண்ணினேன்.

விழா நாளில் தூறல். மாளிகைத் தோட்டத்தில் கமெலியாப் பூக்கள் நனைந்து புல்லில் விழுந்து கிடந்தன. உள்ளே கம்பளம் காலடிச் சத்தத்தை எல்லாம் விழுங்கிவிட்டது. சீருடைக்காரர்கள் வாய் திறக்காமலே கதவுகளைத் திறந்தார்கள். விழித்திருக்கிறேனா என்று எனக்கே ஐமிச்சமாக இருந்தது.

கழிப்பறைக் கண்ணாடி முன்னால் அக்கா சேலை மடிப்பைச் சரிசெய்தாள். கைப்பையை என்னிடம் தந்திருந்தாள். நான் அதைத் திறந்து மனு இருந்த உறையை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவளுடைய நன்மைக்காக என்று சொல்லித் தப்பமாட்டேன். அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் எங்கள் மானம் போய்விடும் என்ற பயம்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மண்டபத்தில் அவள் பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன், அக்கா தன் கைப்பையைத் திறந்து துழாவினாள். மறுபடி துழாவினாள். பிறகு பின்வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் எழுந்து போனாள். பதக்கம் குத்தினார்கள். மற்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுத் திரும்பிய இடத்தில் அக்கா நின்றாள். அவள் உதடுகள் அசைவது தெரிந்தது. அந்த அம்மையார் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குனிந்தார், ஏதோ கேட்டார். அக்கா என்னைத் தேடுவதுபோல ஒருமுறை திரும்பினாள். பிறகு ஏதோ சொன்னாள். மண்டபம் எங்கேயோ தொலைவில் மிதந்துகொண்டிருந்தது.

பிறகு தேநீரும் சான்ட்விச்சும் தந்தார்கள்.

"மனு உன்னட்டைத்தானே?" என்றாள் அக்கா.

"ஓம்."

அவள் ஏசவில்லை. "தனக்கு ஒரு அதிகாரமும் இல்லையெண்டு சொன்னவ. பிறகு, அவரின்ரை பேர் என்னவெண்டு கேட்டவ. இவ்வளவு காலத்திலை மனு வாங்கின ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"கடதாசியும் இல்லை. நீயும் தூரத்திலை இருந்தனி. நானே என்ரை வாயாலை சொல்லிப்போட்டன்."

"ஐயோ, அக்கா!"

அழுகையை அடக்கமுடியாமல் தோட்டத்துக்கு ஓடினேன்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். வழியில் பென்ரோஸ் பக்கத்துக் கிடங்குகள் தூறலில் மங்கித் தெரிந்தன. உறையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை.

"குறையிறதுக்கு ஆயுள் இல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். "நீ அழாதை. றோட்டைப் பார்."

பிறகு கார்க் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தானின் பெயரை மெதுவாகச் சொன்னாள். இன்னொருமுறை சொன்னாள். மனுரேவா வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.