எண்பதில் போகிறவர்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எங்கள் கார் ஸ்டாண்டில், நாலுவழிச் சாலைக் கேமராவின் அபராதம் ரொம்ப நாள் ஒருமுறைகூட வராமல் இருந்த டிரைவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் எனக்கும் பகை கிடையாது. கொடுக்கல் வாங்கல் இல்லை, வாய்ச்சண்டை இல்லை. ஆனாலும் காலையில் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் தேடுவது அவருடைய வெள்ளைக் காரைத்தான். அது நின்றுகொண்டிருந்தால் ஒரு நிம்மதி. இல்லையென்றால் சவாரி போய்விட்டது என்று அர்த்தம். குடிக்கிற டீ கசந்துவிடும்.

கேமரா வருவதற்கு முன்னால் இந்த ஸ்டாண்டில் மவுசு எனக்குத்தான். மதுரையில் விமானத்தைப் பிடிக்கவேண்டும், நேரமாகிவிட்டது என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், வியாபார விஷயமாக அடிக்கடி வடக்கே போகிறவர். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும் போனில் பேசிக்கொண்டே இருப்பார். பேசி முடித்துவிட்டு, “விட்டுருவியாலே?” என்பார். “ஏறுங்க முதலாளி” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஏர்போர்ட்டில் இறங்கும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தத் தட்டு என் தோளிலேயே இருக்கும்.

பிறகு சாலைக்குக் குறுக்கே கம்பம் போட்டுக் கேமராவை மாட்டினார்கள். முதல் மாதத்திலேயே என் போனுக்கு மெசேஜ் வந்தது. திறந்து பார்த்தால் என் வண்டியின் படம், நம்பர், போன வேகம் எல்லாம் இருந்தன. அதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து வந்தது. ஸ்டாண்டில் யார் போன் சத்தம் கேட்டாலும், “அண்ணாச்சி, ஒங்க போட்டோ வந்துட்டு” என்று சிரிக்க ஆரம்பித்தார்கள்.

எதிர்த்த டீக்கடையில் அப்போது பேச்சே அதுதான். எங்கள் ஸ்டாண்டின் மூத்த டிரைவர் சொன்னார்: “அது கேமரா இல்லவே, உண்டியலு. ரோட்டுல கெடக்க குழியப் படம் புடிக்க ஒரு கேமரா உண்டா?” சென்னைக்கு ஆம்னி பஸ் ஓட்டுகிற ஒருவர் தம் கஷ்டத்தைச் சொன்னார்: “விடியுததுக்குள்ள போய்ச் சேருங்காரு முதலாளி. வேகமாப் போகாதங்குது கேமரா. ரெண்டு பேரும் ஒக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்கய்யா, நான் அதும்படி ஓட்டுதேன்.” எல்லோரும் சிரித்தோம். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “எங்க அக்கா வீட்டுக்காரரு பைபாஸத் தாண்டும்போதுதான் வண்டி அடிச்சுப் போய்ச் சேந்தாரு. ஊருக்கு ரெண்டு கேமரா வைக்கணும்” என்றார்.

வெள்ளைக் கார்க்காரரும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது ஸ்டாண்டுக்குப் புதிது. விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர், ஆடு வளர்க்கிற குடும்பம். அதற்கு முன்னால் லோடு வேனில் மிளகாய் மூட்டை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். “ஒமக்கு என்ன தோணுது?” என்று கேட்டேன்.

“இருந்துட்டுப் போகுது அண்ணாச்சி” என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் இத்தனை பேர் தூக்கமில்லாமல் கிடக்கிறோம், இவருக்கு அது ரோட்டோரத்துப் புளியமரம் மாதிரி!

நான் கேமராக்களைப் படித்துவைத்துக்கொண்டேன். எந்தப் பாலத்துக்குப் பிறகு, எந்த வளைவைத் தாண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கம்பம் வருகிறவரை பறப்பேன், வந்ததும் பிரேக்கை மிதிப்பேன், தாண்டியதும் மறுபடி பறப்பேன். சாலையில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள்.

ஒருநாள் முதலாளியின் மனைவியை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, காட்டுவதற்குப் போய்வந்துகொண்டிருந்த சமயம். இரண்டாவது கம்பத்துக்கு முன்னால் நான் பிரேக்கை மிதித்ததும் பின்சீட்டிலிருந்து, “அய்யோ” என்று சத்தம் வந்தது.

“என்னத்துக்கு இப்படிப் போட்டு மிதிக்கீய?”

“கேமரா இருக்கும்மா.”

“கேமராவுக்கு இருக்க மரியாத எம் முதுகுக்கு இல்லியா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவரை அந்த வெள்ளைக் கார் கூட்டிக்கொண்டு போனது. அதற்கடுத்த வாரமும் அதுதான். பிறகு முதலாளியும் அதிலேயே ஏறினார். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கேமரா விடாது என்றான பிறகு, முதலாளி கொஞ்சம் முன்னதாகவே கிளம்பப் பழகிக்கொண்டார். எனக்காக ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பாத மனுஷர் அவருக்காகச் சீக்கிரம் குளித்து வாசலில் வந்து நிற்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ‘முதலாளி அவர் தோளைத் தட்டுவாரா?’ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னால் என் மனைவி வேறு அவர் பக்கம் பேசினாள். “அவிய ஒங்களுக்கு என்ன செஞ்சாவ? பதறாம ஓட்டுதாவ. அதுக்குப் போயி நீங்க ஏன் பல்லக் கடிக்கீய?”

அவர் செய்ததுதான் ஒன்றுமே இல்லையே. அதனால்தானே என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் மதுரையில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். விருதுநகர் தாண்டியதும் முன்னால் அந்த வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. ரோடு காலி. அடுத்த கேமராவுக்கு நெடுந்தூரம் இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் இந்த மனுஷன் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்துவிடுவோம் என்று பின்னாலேயே போனேன். ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், மிதிக்காமல் இருக்க முடியாது என்று நம்பினேன். என் வண்டி முள் எண்பதைத் தாண்டவில்லை. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டின. பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகூடத் தாண்டிப் போனது. இரண்டு பக்கமும் கரிசல் காடு வெடிப்பு விட்டுக் கிடந்தது. ஆக்ஸிலேட்டரில் வைத்திருந்த என் கால் வலிக்க ஆரம்பித்தது. கம்பம் வந்தது. அவருடைய பிரேக் லைட் எரியவே இல்லை. அதே சீராகக் கீழே நுழைந்து போய்விட்டார்.

சாத்தூர் தாண்டியதும் அவர் வேகம் இன்னும் குறைந்தது. எழுபது, அறுபது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு இண்டிகேட்டர் போட்டு ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்கி, கையைக் காட்டினார். நானும் நிறுத்தும்படி ஆயிற்று.

“அண்ணாச்சி, வண்டில என்ன கோளாறு?”

“ஏன்?”

“விருதுநகர்ல இருந்து பின்னாலயே வாரீய. எம் பின்னால வர்ற ஆளா நீங்க? இஞ்சின் சூடாயிட்டு போலன்னு நானும் மெதுவா வந்தேன். டிக்கில கயிறு கெடக்கு, கட்டி இழுத்துட்டுப் போயிரலாம்.”

“லேசா சூடுதான்” என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்வது? அவர் விடவில்லை. அந்த வெயிலில் என் பானட்டைத் தூக்கித் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “ஒண்ணும் தெரியலியே” என்று முகம் வாடிப்போய் நின்றார். அவருடைய காரில் இருந்த வயதான தம்பதி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்கள். “தங்கமான மனுசன். வழியெல்லாம் கண்ணாடில ஒங்களத்தான் பாத்துக்கிட்டே வந்தாரு” என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். தலையை ஆட்டினேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் அதற்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை.

இப்படி இருக்கையில்தான் போன வருஷம் ஒருநாள் ஸ்டாண்டில் ஒரே கூச்சல். அவருக்கு மெசேஜ் வந்துவிட்டது. போன் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. வெள்ளைக் கார், அதே நம்பர், நூற்றுக்கு மேலே வேகம். எனக்கு அத்தனை சந்தோஷம். என் கைக்காசில் எல்லோருக்கும் டீ சொன்னேன். என்ன விசேஷம் என்று யாரோ கேட்டதற்கு, சும்மாதான் என்றேன்.

அந்த டீ தீர்வதற்குள் என் சந்தோஷம் தீர்ந்துவிட்டது. “பாவம், என்ன அவசரமோ” என்றார் மூத்த டிரைவர். “அவரு அப்படிப் போற ஆளு இல்லியே, கேமராவுல கோளாறு இருக்கும்” என்றார் இன்னொருவர். ஊருக்கு ரெண்டு கேமரா கேட்ட கடைக்கார அம்மாகூட, “யாருக்காவது ஒடம்புக்கு முடியாம இருந்திருக்கும்” என்றார். நான் மாட்டியபோது இவர்களெல்லாம் வேகப் பைத்தியம் என்று சொன்னவர்கள். ஒரே ரோடு, ஒரே கேமரா. எனக்கு வந்தால் திமிர், அவருக்கு வந்தால் அவசரம்.

சாயங்காலம் அவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோது தனியாகப் போய்க் கேட்டேன். “உள்ளதச் சொல்லும், என்ன அவசரம்?”

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். “ஒரு அவசரமும் இல்ல அண்ணாச்சி. சவாரி இல்லாம வந்தேன். ரோடு காலியா கெடந்துச்சு. ஒங்கள மாதிரி ஒரு நாளாவது போய்ப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச. முன்னாடி நீங்க எம் லோடு வேனத் தாண்டிப் போவியல்லா, பொறாமையா இருக்கும். மிளகாய் மூட்டைய வச்சிக்கிட்டு என்னத்த மிதிக்க?”

நான் எதிர்பார்க்காத பேச்சு. “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருந்துச்சு” என்று சிரித்தார். “ஆனா கை ரெண்டும் வேர்த்துப் போச்சி. ஒங்களுக்கு வேர்க்காதோ?”

எனக்கும் வேர்க்கும் என்று சொல்லவில்லை.

அதோடு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். தீரவில்லை. கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான். நானும் இப்போது எண்பதில்தான் போகிறேன். எனக்கு மெசேஜ் வந்து பல மாதம் ஆகிறது. அதை ஸ்டாண்டில் ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை.

போன மாதம் அவர் குலதெய்வக் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். முதலாளியின் மனைவி போன் செய்தார். “மதுரைல மக வீட்டுக்குப் போகணும். அவிய இல்லியாமே. சரி, நீங்களே வாங்க.” போனேன். எங்கும் பிரேக் அடிக்காமல், குலுக்காமல், கண்ணாடிச் சாமானைக் கொண்டுபோவது போல மதுரைக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க அவர் அந்த மனுஷரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பாட்டை எவ்வளவு மெதுவாக வைப்பாராம், டோல்கேட்டில் எவ்வளவு பொறுமையாக நிற்பாராம். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

மகள் வீட்டு வாசலில் இறங்கி, முதுகை நிமிர்த்தி நின்றார். “நீங்களும் இப்ப நல்லா ஓட்டுதீய” என்றார். என் முகம் மலர்ந்திருக்கவேண்டும். அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டார். “நாளான்னைக்குத் திரும்பணும். அதுக்குள்ள அவிய வந்துட்டா அவியளயே வரச் சொல்லிருங்க.”

தெரு முனையில் வண்டியை ஓரங்கட்டினேன். ஊரிலிருந்த அவருக்குப் போன் போட்டு, திரும்பிவர அம்மா அவரைத்தான் கேட்கிறார் என்று சொன்னேன்.