கால்வலிக்குக் கேட்ட சாட்சி

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சென்ற ஆண்டு தொடையிலும் கெண்டைக்காலிலும் தாங்க முடியாத வலி வந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"எல்லாருந்தான் நிக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் ஜாஸ்தியா வலிக்குதா? டாக்டர் சீட்டு இருந்தா கொண்டாங்க" என்றார், சேலை எடுக்க வந்தவர்கள் முன்னாலேயே.

கடலூரில் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கிரியேட்டின் கைனேஸ் இருக்கவேண்டிய அளவைவிடப் பல மடங்கு இருந்தது. தசைக்குள்ளே பாஸ்பேட்டை ஒரு மூலக்கூறிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்து, தசைக்கு உடனே சக்தி கிடைக்கச் செய்யும் நொதி அது என்றார்.

"தசை சிதைஞ்சா அது ரத்தத்துல கலந்துடும். நீங்க சாப்புடுற கொலஸ்ட்ரால் மாத்திரையாலதான் இருக்கும். இப்போதைக்கு அத நிறுத்துங்கம்மா. கால ரொம்ப வருத்தாதீங்க."

மறுநாள் ரிப்போர்ட்டையும் டாக்டர் சீட்டையும் மேனேஜரிடம் நீட்டி, மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும் காலை வருத்தக்கூடாது என்றதையும் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதான் மாத்திரைய நிறுத்தியாச்சே. இனிமே நிக்கலாம்ல?"

பதினோரு வருடமாக அந்தக் கடையில் நிற்கிறேன். பொய் சொல்லி ஒருநாள்கூட லீவு எடுத்ததில்லை. என் வார்த்தையை நம்பாமல் சீட்டுக் கேட்ட மனிதர், சீட்டு வந்த பிறகும் என்னை நிற்கத்தான் சொல்கிறார்.

"வலி போறவரைக்கும் உக்காந்துதான் சார் வேலை பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

வலி குறையச் சில வாரங்கள் ஆயின. அதுவரை என்னைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் ஸ்டூலை மட்டுந்தான் பார்த்தார்.