செருமல் சார்

ஏழாம் வகுப்புக்குப் போர்ச்சுகீசிய மொழி எடுத்தவரைப் பள்ளிக்கூடமே 'செருமல் சார்' என்றுதான் சொல்லும். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

அவருடைய வகுப்பு சாப்பாட்டு மணிக்கு முந்தையது. பசியில் கிடக்கும் பிள்ளைகளுக்குப் போய் 'சாப்பிடு' என்ற வினையைத்தான் எடுப்பார், குறும்பு பிடித்த மனுஷர். உள்ளதை உள்ளபடி சொல்லும் வினை வடிவங்கள் நாக்கில் ஊற வேண்டும், எழுதினால் போதாது, கத்த வேண்டும் என்பது அவர் கட்சி. மேசையில் அளவுகோலைத் தட்டுவார். நான் சாப்பிடுகிறேன், கோமு. நீ, கோமிஸ். அவன், கோமி. நாங்கள், கோமேமுஸ். அந்த இடத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். ஒரு செருமல் செருமிவிட்டு, அவர்கள், கோமெய்ன் என்று முடிப்பார்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறீங்களே!" என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"சாக்பீஸ் தூசி. இதுக்குப் போய் டாக்டரா?"

தூசி இல்லை. காட்டியபோது புற்றுநோய் முற்றியிருந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேச்சோடு செருமலும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள் மனைவி சொல்லி அழுதாள்: "நீங்க வாசல்ல செருமினதும் அடுப்பைப் பத்த வைப்பேன். இப்ப பின்னால வந்து நின்னாக்கூடத் தெரியல."

பள்ளிக்கூடம் அவரைக் கைவிடவில்லை, நூலகத்தில் வேலை போட்டுக் கொடுத்தது. வகுப்புக்கு வேறொருவர் வந்துவிட்டார். "நாளைக்கு வாய்மொழித் தேர்வு சார். இன்னிக்கு ஒருநாள் மட்டும் நீங்களே எடுங்க. பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றார் தலைமை ஆசிரியை.

கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு போனார். அளவுகோலைத் தட்டினார். பிள்ளைகள் கத்தினார்கள்.

கோமு. கோமிஸ். கோமி. கோமேமுஸ். பிறகு வகுப்பு மொத்தமும் சேர்ந்து ஒரு செருமல். கோமெய்ன்.

கேலி என்று நினைத்து அவர் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு புதுப் பெண். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சேர்ந்தவள், அவர் குரலைக் கேட்டதே இல்லை. அவளும்தான் செருமினாள். அவளைப் பார்த்துத் தன் தொண்டையைத் தொட்டு, ஏன் என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

"அந்த இடத்துல அப்படித்தான் சார் சொல்லணும். இவங்க எல்லாருந்தான் சொல்லிக் குடுத்தாங்க."

போன குரல் இங்கே உட்கார்ந்திருக்கிறது, இத்தனை வாய்களில். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவருக்கு ஆசை பொங்கியது. யார் குடி முழுகிவிடப் போகிறது? ஆனால் நாளைக்குத் தேர்வு வைக்க வருகிறவர் வெளியாள். செருமலுக்கு மதிப்பெண்ணைத்தான் குறைப்பார்.

தொண்டையைத் தொட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"செரும வேண்டாமா சார்?" என்றான் முன்பெஞ்சுப் பையன், நம்பாமல்.

தட்டினார். மறுபடி செருமினார்கள். கையை ஆட்டினார், தட்டினார். பாதிப் பேர் செருமினார்கள். இன்னொரு தடவை. புதுப் பெண் மட்டும் செருமிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் வந்துவிட்டது. கோமேமுஸ், கோமெய்ன். நடுவே ஒன்றும் இல்லை.

கண்கள் நிறைந்து வழிந்தன. அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, 'சரி' என்று எழுதினார்.