அவள் சொல்லக் கேட்ட வாசனைகள்

காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. போகும்போது என் வாசனை உணர்வையும் கையோடு கொண்டுபோய்விட்டது. காலைக் காபி வெறும் சுடுதண்ணீராக இறங்கியது. மற்றவர்களுக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவனுக்குப் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. காயின் பச்சையையும் பருமனையும் கண் இருக்கிற யாரும் பார்த்துவிடலாம். உலர்த்தும்போது காயில் ஏறிய புகையையும், மூட்டைக்குள் பிடித்த பூசணத்தையும் பிளந்து முகர்ந்தால்தான் பிடிக்க முடியும். அதில் நான் கில்லாடி என்று பஜாரில் பேர் எடுத்திருந்தேன். அந்தப் பேர் போனால் கடையும் போய்விடும் என்று பயந்தேன். மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

தேனியில் பார்த்த டாக்டர், தினமும் காலையில் நாலைந்து விதமான வாசனைகளை முகர்ந்து மூக்கைப் பழக்கச் சொன்னார். கடையில் உட்கார்ந்து கிராம்பையும் பட்டையையும் மாற்றி மாற்றி முகர்ந்தால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் நானும் மனைவியும் மலையடிவாரத்துக்குப் போக ஆரம்பித்தோம். கேட்டவர்களிடம் சர்க்கரைக்கு நடக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் பின்னாலேயே முந்தல் ரோட்டில் ஸ்கூட்டரில் போய், ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆடு மேய்கிற தடத்தில் ஏறுவோம்.

"எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. செடிய மோந்து பாக்க நான்தான் கெடச்சேனா?" என்று முதல் வாரம் முழுக்க அவள் முணுமுணுத்தாள்.

நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் ஏதாவது ஒரு இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டுவாள். நான் இலையைத் தொட்டுப் பார்த்து ஏமாற்றினேன். பிசுபிசுத்தால் விராலி, சொரசொரத்தால் உண்ணிச்செடி. இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். அத்தோடு என் சாயம் வெளுத்தது.

எனக்குத் தெரியாததால் அவளே சொல்லத் தொடங்கினாள். உண்ணிச்செடி இலைக்கு, "கருவேப்பிலைய மண்ணெண்ணெயில முக்கி எடுத்தாப்புல இருக்குங்க." நாய்க்கடுகுக்கு, "தாளிச்ச கரண்டியக் கழுவாமப் போட்டு வச்சா மறுநா வருமே, அது." எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருட வியாபாரத்தில் வாசனைக்கு என்னிடம் இருந்தவை மூன்றே சொற்கள்: சுத்தம், புகை, பூசணம். இவள் ஒவ்வொரு செடிக்கும் ஒரு சமையலறையையே திறந்து காட்டினாள்.

முகர முடியாதவன் வேறு என்ன செய்வான், பார்க்கத் தொடங்கினேன். ஒரு காட்டு நாரத்தைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. எச்சம் நகர்ந்தது. புழு! அதற்குப் பக்கத்து இலையில் அதே இனத்தில் வளர்ந்த புழு, இலையோடு இலையாகப் பச்சையாக உட்கார்ந்திருந்தது. புல்லால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து கவை போட்ட ஒரு சிவப்புக் கொம்பு சட்டென்று வெளியே வந்து உள்ளே போனது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து, "அன்னாசி அழுகிப்போச்சு" என்றாள். நாற்றத்தையே ஆயுதமாக வைத்திருக்கிற புழு, அதுவும் நாற்றம் தெரியாதவனிடம் காட்டுகிறது! இன்னும் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். "பாவம், விடுங்க. அதுக்குப் பயம் வருமில்ல?" என்று திட்டினாள். தினமும் போய்ப் பார்த்தோம். ஒருநாள் குச்சியில் வெற்றுக் கூடு மட்டும் தொங்கியது. வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இதற்கு நடுவில் கடையில் சறுக்கினேன். பச்சை கண்ணைப் பறித்த ஒரு சரக்கை, முகர்ந்து பார்ப்பதுபோல் பாவனை செய்து வாங்கி வடக்கே அனுப்பினேன். புகை வாடை அடிக்கிறது என்று திரும்பி வந்தது. "லாரியில டீசல் புகை பட்டுருக்கும்" என்று கூசாமல் பொய் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் மூங்கில் புதருக்கு அடியில் அந்தக் காளானைப் பார்த்தோம். ஒரு சாண் உயரம். தொப்பியிலிருந்து கீழே வரை வெள்ளை வலை பாவாடையாக விரிந்திருந்தது. தொப்பி மேல் பழுப்பாக ஒரு பசை, அதில் ஈக்கள் மொய்த்துக் கிடந்தன. அவள் பத்தடி தூரத்திலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"செத்த எலி மேல வெல்லப்பாகு ஊத்தினாப்புல இருக்கு. கிட்டப் போகாதீங்க!"

நான் மண்டி போட்டு, ஈக்கள் என் மூக்கில் வந்து உட்காருமளவு குனிந்தேன். நன்றாக இழுத்தேன். ஈர மண்ணின் குளிர்ச்சி மட்டும் உள்ளே போனது. எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஈக்கள் பசையை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் தேன்கூடு போல் குழி குழியாக வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அந்தப் பசையில்தான் காளானின் விதை இருக்க வேண்டும், ஈ சுமந்துகொண்டு போய் வேறெங்கோ போடும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். காளானுக்கு மூக்கில்லை. தன் நாற்றம் அதற்கே தெரியாது. அதை முகர ஒரு கூட்டமே வருகிறது, காரியமும் நடந்துவிடுகிறது.

"இதுக்கே ஒண்ணும் தெரியலையா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இனி வாசனை திரும்பி வரப்போவதில்லை என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

அன்று பகலில் மலையிலிருந்து ஒரு தோட்டக்காரர் இரண்டு பொட்டலங்களில் சாம்பிள் கொண்டுவந்தார். பல வருடமாகக் காய் கொடுக்கிறவர். கடையில் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பொட்டலத்தில் காய் நல்ல பச்சை. ஒன்றைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோனேன். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். பாவனை செய்ய அன்று தெம்பில்லை. கடைக்கு மேல்தான் வீடு. மாடிப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டேன். பெண்கள் தரம் பிரித்துப் பொறுக்குவார்கள், ஆனால் காய் வாங்குகிற இடத்தில் உட்காருகிற வழக்கம் எங்கள் கடையில் இல்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வாசல்படியிலேயே நின்றாள்.

"அண்ணே, காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வாடை தெரியாது. போன தடவை சரக்கு திரும்பி வந்ததுக்கு டீசல் புகைன்னு சொன்னது பொய். இவ சொல்லுவா" என்றேன்.

அவள் கடைக்குள் வந்து, காயை வாங்கி, கண்ணை மூடி முகர்ந்தாள். "மழையில நனஞ்ச அடுப்ப ஊதிப் பத்த வச்சா ஒரு புகை வருமே, அது லேசா இருக்கு. தோல்ல மட்டுந்தான். உள்ளுக்குள்ள விதை சுத்தமா இருக்கு."

தோட்டக்காரர் காயைத் திரும்ப வாங்கி முகர்ந்தார். "மெய்தான் மதினி. மூணு நாளா அடமழை, வெறகு நமத்துப்போச்சு" என்றார்.

பிறகு அடுத்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு காயை எடுத்தார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். என் கையைத் தாண்டி அவளிடம் கொடுத்தார். எனக்கு வலித்தது. எழுந்து, என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிப் போட்டேன்.