கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தரவை

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு இல்ஃபோர்டிலிருந்து புறப்பட்டோம். மன்னார்த் தீவிலிருந்து நான் லண்டனுக்கு வந்து அன்றோடு நான்கு நாள். ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் பேச வந்தேன்.

எங்கள் ஊருக்குப் பின்னால் தரவை என்று ஒரு சேற்று வெளி இருக்கிறது. கோடையில் வெடித்துக் கிடக்கும். மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், அதில் பூநாரைகள் வந்து இறங்கும். அதை மண் போட்டு நிரப்பி உதைபந்தாட்ட மைதானம் அமைக்க லண்டனிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் பணம் சேர்த்துவிட்டது. மாசியில் தண்ணீர் வற்றியதும் லொறிகள் வரும் என்று பேச்சு. நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிப்பவன். இந்தப் பறவைகளுக்குப் பின்னால் திரிந்தே பாதி ஆயுள் போயிற்று. சங்கத்துக்கு எழுதி எழுதிக் களைத்தபின், முடிந்தால் நேரில் வந்து சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பார்கள். நான் டிக்கெட் போட்டுவிட்டேன்.

வழிகாட்ட வந்தவர் கோகிலா, என் சித்தப்பா மகனின் மனைவி. மலேசியத் தமிழ்ப் பெண்; படிக்க வந்து இங்கேயே தங்கி, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். கணவனின் ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. லப்டொப்பில் என் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுப்பதுதான் அன்று அவருக்கு வேலை. எலிசபெத் லைனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை வந்து, நிலத்தடியிலேயே நடந்து நோர்தர்ன் லைனுக்கு மாறினோம். வழி முழுக்க அவர் கேள்வி கேட்டார். அங்கே மழை எப்போது, கிணறு உப்பா, வீட்டு மதில் எவ்வளவு உயரம். பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எரிச்சலாக இருந்தது.

பத்தே முக்காலுக்குக் கோலியர்ஸ் வுட். மண்டபத்துக்கு பஸ்ஸில் போனால் ஒன்றே முக்கால் பவுண், நடந்தால் பதினைந்து நிமிடம். வாண்டில் ஆற்றங்கரையோடு நடந்தோம். எங்கள் ஊர் வாய்க்காலை விடக் கொஞ்சம் அகலமான ஆறு. நடுவில் ஒரு சாம்பல் நாரை அசையாமல் நின்றது. நாயோடு வந்த ஒருவர் அதைக் கண்டதும் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல விலகிப் போனார். குழந்தை வண்டி தள்ளி வந்த பெண்ணும் தன் பேச்சைத் தாழ்த்தினாள். ஒற்றை நாரைக்கு இவ்வளவு உபசாரம். எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த ஊரில் பறவைகளுக்காகப் பேசுகிறவனுக்கு என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது என்று வயிறெரிந்தபடியே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பதினொன்றரைக்குத் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து சனம் வந்தது. எங்கள் ஊர் மேற்குத் தெரு, கிழக்குத் தெரு என்று இரண்டுபட்ட ஊர். தெருவுக்கொரு உதைபந்தாட்டக் கழகம், கழகத்துக்கொரு கட்சி. அந்தப் பிரிவினையை இவர்கள் விமானத்தில் ஏற்றி இங்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். நடுவில் பாதை விட்டு இருபக்கமும் பிரிந்து உட்கார்ந்தார்கள். மைதானம் மேற்குத் தெருவின் திட்டம். அந்தக் காரணத்தினாலேயே கிழக்குக்கு அது பிடிக்கவில்லை. நான் பிறந்தது கிழக்கில். அதனால் நான் வாய் திறக்கும் முன்பே பாதி மண்டபம் காதை மூடிக்கொண்டது.

என் படங்களில் எனக்குப் பெருமை உண்டு. பறவைகள் எவ்வளவு தூரம் பறந்து வருகின்றன, சேற்றில் என்ன தின்கின்றன, தரவை போனால் அவற்றுக்கு இறங்க இடமில்லை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். பாதியில் சங்கத்தின் பொருளாளர் ஸ்டீபன் அண்ணை எழும்பினார். மேற்குத் தெருக்காரர், கூட்டத்திலேயே உரத்த குரல் அவருடையது.

"மாஸ்டர், இண்டைக்குப் பறவை எண்டுவியள். நாளைக்கு அந்தப் பறவையைக் காட்டி அரசாங்கக்காரர் எல்லைக்கல்லு போடுவினம். பிறகு எங்கட காணிக்குள்ள நாங்களே போக ஏலாது. பறவைக்குப் பேச உலகம் முழுக்க ஆள் இருக்கு. எங்கட சனத்துக்கு ஆர் இருக்கினம்?"

மேற்குப் பக்கம் கைதட்டியது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. காணியை இழந்தவர்கள் அந்த மண்டபத்திலேயே இருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் அடுத்த படத்தைப் போடச் சொன்னேன். அதற்குள் கிழக்கிலிருந்து சவிரி அண்ணை எழும்பி, எனக்கு ஆதரவு என்ற பெயரில் மேற்குத் தெருவின் பழைய தோல்விகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். என் கதை அத்தோடு சரி என்று நினைத்தேன்.

அப்போதுதான் கோகிலா கையை உயர்த்தினார். "அங்கிள், மன்னிச்சுக்குங்க. நான் உங்க ஊரப் பார்த்ததே இல்ல. மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கமா போகும்?"

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. ஸ்டீபன் அண்ணை ஊர் தெரியாத மருமகளுக்கு விளக்கம் சொல்லும் உற்சாகத்தோடு வெள்ளைப் பலகைக்கு வந்தார். கோகிலா நீல மார்க்கரை அவர் கையில் கொடுத்தார். அவர் தெருக்களைக் கீறினார், நாங்கள் கோயில் என்று சொல்லும் தேவாலயத்தைக் கீறினார், வாய்க்காலை இழுத்தார். அது பிழை என்று சவிரி அண்ணை எழும்பி வந்து மார்க்கரைப் பறித்தார். பெரிய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வேறு இருவர் வந்தார்கள். எந்த வீட்டுப் படி நனைந்தது, எந்த மதில் விழுந்தது என்று பெண்கள் இருந்த இடத்திலிருந்தே திருத்தினார்கள். நடுவில் விட்டிருந்த பாதையைக் காணவில்லை. கால் மணி நேரத்தில் பலகையிலிருந்த நீலக் கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. அது தரவை.

"அப்ப இத மண்ணு போட்டு மூடிட்டா, தண்ணி எங்க போகும் அங்கிள்?"

ஸ்டீபன் அண்ணையின் விரல் பலகையில் தரவையிலிருந்து பின்னோக்கிப் போய்த் தேவாலயத்தில் நின்றது. ஊரில் அவர் புதிதாகக் கட்டிய வீடு அதற்குப் பக்கத்தில்.

"கோயிலடிக்கு வரும்" என்றார்.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. மைதானத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலுள்ள மேட்டு நிலத்தில் அமைப்பது, தரவையில் கை வைப்பதில்லை, காரணம் வெள்ளப் பாதுகாப்பு. தீர்மானத்தில் பூநாரை என்று ஒரு சொல் சேர்க்கக் கூடாதா என்று கேட்டேன். ஸ்டீபன் அண்ணை என் தோளில் கை வைத்தார். "பறவை எண்டு எழுதினா திரும்பச் சண்டை வரும் மாஸ்டர். விடுங்கோ. ஊர்ப் பெடியளுக்கு மட்டும் நீங்கள்தான் சொல்லி விளங்கப்படுத்தவேணும். அவங்கள் தரவையிலதான் விளையாடுவம் எண்டு நிக்கிறாங்கள்."

வெற்றிதான். ஆனால் மண்டபம் முழுக்கக் கோகிலாவைச் சுற்றி நின்றது. ரோல்ஸும் தேநீரும் முதலில் அவர் கைக்குப் போயின. நான் ஒரு மூலையில் நின்று என் ரோல்ஸைத் தின்றேன். அந்தத் தண்ணீர் எந்த வழியாக வரும், எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியும். அதற்குள் இறங்கி நின்றவன் நான். ஒன்றும் தெரியாத ஒருவர் அதைத் தெரிந்தவர்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டார். அவர் மேல் கோபப்படவும் ஒரு காரணம் கிடைக்காததால் பொறாமை இன்னும் கூடியது.

இரண்டரைக்குக் கோலியர்ஸ் வுட் நிலையத்தின் பிளாட்பாரத்தில் நின்றோம். கோகிலா என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்தப் பறவையெல்லாம் ஒண்ணா எழும்புறப்ப எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

அத்தனை படம் காட்டியிருக்கிறேன், இதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தூரத்தில் நிற்கும்போது வெறும் வெள்ளையாகத்தான் தெரியும் என்று தொடங்கினேன். அவற்றால் சட்டென்று எழும்ப முடியாது, தண்ணீர் மேல் காலடித்து ஓடித்தான் எழும்பும். அந்தச் சத்தம் முதலில் வரும். சிறகு விரிந்ததும் உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரேயடியாகத் தெரியும். தனியாக நின்று பார்த்தால் அழுகை வரும் என்பதையும் சொன்னேன். ஒரு ரயில் வந்து போனது. கோகிலா "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது ரயிலும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டீபன் அண்ணையிடம் காட்டிய அதே வித்தையை இந்தப் பெண் என்னிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார். உறைத்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. மூன்றாவது ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது, தை மாதம் ஊருக்கு வந்து பெடியன்களோடு நீங்களே பேசவேண்டும் என்று நானே அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நான் என்னத்தப் பேசறது அண்ணே?" என்றார் கோகிலா. "எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

அதுதானே என் வயிற்றெரிச்சல்.