இஜ்ஜாவின் ஹெட்லைட்

அட்லஸ் மலையடிவாரத்து அமிஸ்மிஸ் சாலையில் இஜ்ஜாவைத் தெரியாதவர்கள் இரண்டே வகை: ஊருக்குப் புதியவர்கள், கழுதைகள். கழுதைகளிலும் பாதிக்கு அவளைத் தெரியும். அவளுடைய சிவப்பு மோட்டார்சைக்கிள் சத்தம் தூரத்தில் கேட்டாலே, மேலே உட்கார்ந்திருப்பவனைக் கேட்காமல் ஓரம் ஒதுங்கிவிடும்.

நாற்பத்தாறு வயது. ஜல்லாபா அங்கியை முழங்காலுக்கு மேலே சுருட்டிச் செருகி, உள்ளே இரண்டு கால்சட்டை மாட்டி, ஹெல்மெட்டுக்குள் கம்பளித் துண்டைத் திணித்துக்கொண்டு மூன்று வருஷமாக ஆலிவ் ஆலைக்குப் போய்வருகிறாள். கணவன் ஹம்மு இறந்த நாற்பதாம் நாள், வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் "இனிமே கொழுந்தன் சொல்றபடி நடந்துக்கோ" என்று புத்தி சொல்லி, குஸ்குஸ் தட்டை வழித்துவிட்டுப் போனார்கள். இஜ்ஜா "முடியாது" என்றாள். மறுவாரமே கை வளையல்களைக் கழற்றி விற்று வண்டியை வாங்கினாள். ஓட்டத் தெரியாது. கடையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தாள். கடைசிக் கிலோமீட்டரில் அலுத்துப்போய் ஏறி ஓட்டிவிட்டதாகச் சொல்வாள். அந்தக் கிலோமீட்டர் கள்ளி வேலிக்குள் முடிந்ததை அவள் சொல்லமாட்டாள். முள் எடுத்த அண்டைவீட்டார் சொல்வார்கள்.

வண்டி இல்லாவிட்டால் அவளுக்கு ஆலை இல்லை. எட்டு மணிக்கு ஆலைக் கதவு சாத்திவிடும், அந்நேரத்துக்குப் பேருந்தும் கிடையாது. அரசாங்கம் கடிகாரத்தில் ஒரு மணியைக் கூட்டி வைத்ததிலிருந்து குளிர்காலத்தில் ஏழரைக்கும் கும்மிருட்டுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அலைபேசி வெளிச்சத்தில் வழி பார்த்து நடக்கிறார்கள். அந்த இருட்டில் ஹெட்லைட் இல்லாமல் சாலையில் ஏற முடியாது. கொழுந்தன் பாஸ்ஸுவின் மூன்றுசக்கர வண்டியில் பின்னால் ஏறி, வைக்கோல் கட்டுகளோடு கட்டாக உட்கார்ந்து போகலாம். அதற்கு இஜ்ஜா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை.

வினை ஆரம்பித்தது இந்த பாஸ்ஸுவால்தான். இலையுதிர்காலத்தில் ஒருநாள் சிவப்பு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, "அண்ணி, என்ன அழகு! இது மட்டும் என்கிட்ட இருந்தா!" என்று பெருமூச்சு விட்டான். கூடவே, கண் படாமலிருக்கச் சொல்லும் 'தபாரக்கல்லாஹ்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்கவில்லை. ஜன்னலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் லல்லா மஹ்ஜூபாவின் காதில் அது விழுந்துவிட்டது. மறுநாளே கண்ணேறு விலக்கும் ஐந்துவிரல் வெள்ளிக் கை ஒன்று, நீலக் கம்பளி நூலில், ஹெட்லைட்டுக்குக் கீழே தொங்கியது. நூலுக்குக் கத்ரான் என்கிற மரத்தார் வேறு பூசியிருந்தார். அந்த நாற்றத்துக்குச் சைத்தானே பக்கத்து ஊருக்குக் குடிபோய்விடுவான்.

நாலாம் நாள் ஹெட்லைட் மங்கியது.

"பாத்தியா? எம் புள்ளை கண்ணு அவ்வளவு பொல்லாதது" என்றார் லல்லா மஹ்ஜூபா. குரலில் கவலை பாதி, பெருமை பாதி. இரண்டாவது நூல் கட்டினார். விளக்கு இன்னும் மங்கியது. மூன்றாவது கட்டினார். அதன்பிறகு ஹெட்லைட் எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி உரசவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை, ரவுண்டானாவில் சாலைக் காவல் அதிகாரியான அஜூதான் கை காட்டி நிறுத்தினார். பருத்த மீசைக்காரர்; ஆனாலும் பெண்களை 'லல்லா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"லல்லா, உங்க விளக்கு எங்கே?"

"எரியுதே. நல்லாப் பாருங்க."

அவர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். "இதுவா? என் சிகரெட் இதைவிட நல்லா எரியும். சனிக்கிழமை காலையில நான் இங்கதான் நிப்பேன். இதே மாதிரி வந்தீங்க, வண்டியைப் பிடிச்சுக் கொட்டடியில போட்டுடுவேன். அப்புறம் அதை வெளியே எடுக்கறதுக்குள்ள உங்களுக்குப் பேரன் பொறந்துடுவான்."

"சனிக்கிழமை வருவேன். நீங்க வராம இருந்துடாதீங்க" என்றாள் இஜ்ஜா.

சாயங்காலம் மெக்கானிக் அல்லாலின் கடைக்குப் போனாள். அல்லால் ஏற்கனவே மூன்று பல்பு மாற்றியிருந்தான். கடைசியாகப் போட்டது புது எல்.இ.டி. பல்பு, அது மின்மினி மாதிரி மினுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. இப்போது வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"உள்ளே காயில் போச்சு, லல்லா. எஞ்சினையே பிரிக்கணும். பத்து நாள் ஆகும்."

"ஹார்ன் அடிக்குது, பிரேக் லைட் எரியுது. பேட்டரியை நிரப்பற காயில் போயிருந்தா பேட்டரி இத்தனை நாள் தாங்குமா?"

"மெக்கானிக் நானா நீங்களா? பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தலைவலி? பாஸ்ஸு நல்ல விலை தர்றேங்கிறான். குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

இஜ்ஜா அவன் பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து ஜல்லாபா பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அது என்னோடது!"

"மூணு பல்புக்குக் காசு வாங்கினியே, அதுக்கு ரசீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஆலை அரை நாள்தான். மதியக் குஸ்குஸ் முடிந்ததும் வண்டியை முற்றத்து நடுவில் நிறுத்தினாள். பாஸ்ஸு டீ கிளாஸோடு சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான்.

"அண்ணி, ஒரு நட்டைக் கழட்டினா திரும்ப எங்க மாட்டணும்னு தெரியுமா? மிச்சம் விழுந்தா எனக்கு வையுங்க, நாளைக்கு என் வண்டிதானே அது."

"உனக்கு மிச்சம் விழறது கத்ரான் வாசனைதான். மூக்கைப் பொத்திக்கோ."

ஆலையில் மோட்டார் நின்றுபோனால் எலக்ட்ரீஷியன் என்ன செய்வார் என்பதை இஜ்ஜா மூன்று வருஷமாக ஆலிவ் பொறுக்கிக்கொண்டே பார்த்திருக்கிறாள். ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர். அவ்வளவுதான் அவருடைய மந்திரக்கோல். அவளும் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரை முறுக்கினாள். ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்து, மின்சாரம் வரும் ஒயரில் ஒரு நுனியையும் எஞ்சின் இரும்பில் மறு நுனியையும் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"வருது" என்றாள். "தாராளமா வருது."

அந்த நுனியை எஞ்சினிலிருந்து எடுத்து, ஹெட்லைட்டின் கறுப்பு எர்த் ஒயரில் வைத்தாள். பல்பு கங்கு மாதிரி மங்கிப்போனது.

"வர்ற மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. காயிலாம், எஞ்சினைப் பிரிக்கணுமாம்!"

கறுப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். அது வண்டியின் கழுத்தடியில் ஒரு போல்ட்டுக்குப் போனது. போல்ட்டில் வெள்ளிக் கை ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பேனரைப் போட்டுத் திருகினாள். வாஷருக்கு அடியில், ஒயரின் வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவில், மூன்று சுற்று நீலக் கம்பளி நூல் தாரில் ஊறி மெத்தையாக உட்கார்ந்திருந்தது. அவிழாமல் இருக்கவேண்டும் என்று மாமியார், மகன் பாஸ்ஸுவின் ஸ்பேனரைக் கடன் வாங்கி, போல்ட்டைக் கழற்றி, நூலை உள்ளே வைத்து முறுக்கியிருக்கிறார். விளக்கு மங்கமங்க, பரிகாரமாக இன்னொரு சுற்று.



இஜ்ஜா நூலைத் தூக்கிக் காட்டினாள். "அத்தை, இது என்ன?"

லல்லா மஹ்ஜூபா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "காவல்."

"இந்தக் காவல்தான் ஹெட்லைட்டை அணைச்சது."

"யார் சொன்னா? வண்டியைப் பிடிச்சுக்கிட்டுப் போகாம இத்தனை நாள் காப்பாத்தினதே அதுதான். மூணு நாளு கெடு குடுத்தானே போலீஸ்காரன், அன்னிக்கே ஏன் பிடிக்கலை? சொல்லு!"

"ரெண்டு நாள் கெடு, அத்தை."

"பாத்தியா? ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிட்டே. எல்லாம் நூலோட மகிமை."

இஜ்ஜா வெள்ளிக் கையை எடுத்துப் பக்கக் கண்ணாடித் தண்டில் கட்டினாள். எந்த ஒயரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. போல்ட்டடி இரும்பைப் பளபளவென்று சுரண்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பத்து நாள் ஆகும் என்றானே ஒருவன், நாளைக்கு என் வண்டி என்றானே இன்னொருவன், அந்தச் சூடு இறங்கவில்லை. ஹெட்லைட்டுக்கென்று பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸும் ரிலேயும் வைத்தாள். எர்த்துக்கும் தனி ஒயர். படுத்துக்கிடந்த எல்.இ.டி. பல்பைத் திரும்ப மாட்டினாள். சுவரில் கரிக்கோடு போட்டு, வண்டியைப் பிற்பகல் அஸர் தொழுகை முடிவதற்குள் ஏழு தடவை முன்னும் பின்னும் தள்ளி, கீழ் வெளிச்சம் கோட்டைத் தாண்டாதபடி கிண்ணத்தைச் சாய்த்தாள்.

ஸ்விட்சைப் போட்டதும் பாஸ்ஸுவின் டீ கிளாஸ் கைநழுவியது. சேவல் ஒன்று பட்டப்பகலில் கூவியது. பிறகு தவறை உணர்ந்து கோழிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என்று சொல்கிறார்கள்.

சனிக்கிழமை ஏழு இருபதுக்கு ரவுண்டானா கும்மிருட்டு. பாஸ்ஸு தன் மூன்றுசக்கர வண்டியோடு முன்கூட்டியே வந்து ஓரமாக நின்றிருந்தான். பிடிபட்ட வண்டியை அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்ற எண்ணம். அஜூதான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். ஆலிவ் மரங்களுக்கு நடுவிலிருந்து வெள்ளை வெளிச்சம் சாலையை விரித்துக்கொண்டே வந்தது. இஜ்ஜா சரியாக அவர் பூட்ஸ் முன்னால் நிறுத்தினாள்.

அவர் சுற்றிவந்தார். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. "ம். மேல் வெளிச்சம்?"

"வேண்டாம் ஐயா. கண்ணு கூசும்."

"போடுங்கன்னா போடுங்க."

"கண்ணை மூடிக்கோங்க, சொல்லிட்டேன்."

"எனக்கு உத்தரவு போடறீங்களா?"

போட்டாள். அஜூதானின் நிழல் எழுந்து, வயல்களைத் தாண்டி, அட்லஸ் மலையின் பனிமேல் மீசையோடு நின்றது. தூரத்தில் ஆலைப் புகைபோக்கிக் கூட்டில் தூங்கிய நாரை இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது.

"அணைங்க! அணைங்க, லல்லா! போங்க, பார்த்துட்டேன்!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பியவருக்கு அந்த வெளிச்சத்தில் வேறொன்று தெரிந்தது. ஓரமாக நின்ற மூன்றுசக்கர வண்டியின் பின்விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துணுக்கு மட்டும் கம்பியில் தொங்கியது.

"ஏய், நீ! உன் விளக்கு எங்கே?"

"அது... நான்... அண்ணி!"

இஜ்ஜா கியரைப் போட்டாள். "கொழுந்தனாரே, அத்தைகிட்ட மூணு நூல் மிச்சம் இருக்கு. கட்டிவிடச் சொல்லட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினாள். ஏழு ஐம்பத்திரண்டுக்கு ஆலை வாசலில் நுழைந்தாள். காவலாளி கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அதை அணைச்சுட்டு உள்ளே வா, தாயே!" என்று கத்தினான்.

"முடியாது" என்றாள் இஜ்ஜா. முற்றம் முழுக்க ஒரு சுற்று வந்து, எல்லோரும் பார்த்த பிறகுதான் அணைத்தாள்.